பஸ் போகிற வழி பார்த்துச் சேர்கிற காலேஜ்

என் பிரியமுள்ள செல்வம் அண்ணனுக்கு,

எனக்கும் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. நீ படித்த அதே காலேஜ், அதே பாட்டனி. நீ இருந்திருந்தால் முதலில் என் மண்டையில் ஒரு கொட்டு கொட்டியிருப்பாய், பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாய். இங்கே அம்மா என்னோடு பேசாமல் இருக்கிறாள். அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

மற்ற ஊர்களில் பிள்ளைகள் எதைப் பார்த்துக் காலேஜ் தேர்ந்தெடுப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நல்ல வாத்தியார் இருக்கிறாரா, படித்தால் வேலை கிடைக்குமா, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, சிநேகிதி எங்கே சேர்கிறாள் என்றெல்லாம் பார்ப்பார்கள். நம் தாமிரபரணிக் கரையில் ஒரே கேள்விதான். உனக்கு இடம் கிடைத்த அன்று அப்பா கேட்டாரே, நினைவிருக்கிறதா?

"ஏலே, அந்த பஸ்ஸு எந்தெந்த ஊரு வழியா போவுதுன்னு விசாரிச்சியா?"

மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை விட்டு மணிமுத்தாற்றுக்கு இறங்கி வந்து கொஞ்ச நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அப்பா அந்தக் கணக்கைப் படித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்த ஊர் தாண்டலாம், அந்த ஊர் ஸ்டாப்பில் நம் பையன்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், இன்னொரு ஊர் வழியாகப் போகவே கூடாது. தூரத்துக் காலேஜில் காமர்ஸ் இருந்தது, அந்த பஸ் நல்ல வழியாகப் போனது. நீ கேட்கவில்லை. "நான் செடியப் படிக்கத்தானப்பா போறேன், ஊரப் படிக்கவா போறேன்?" என்றாய். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எஸ்டேட்டில் நமக்கு இருந்தது ஒரே பஸ். கோழிக்கூடு, காய்ச்சல்காரர், கல்யாணப் பெண் எல்லாரும் அதில்தான் மலையேற வேண்டும். யார் எங்கே உட்காருவது என்று அங்கே எவனும் சட்டம் போட்டதில்லை. அந்த நினைப்பிலேயே நீ கீழேயும் பஸ் ஏறினாய். முன் சீட்டு இன்னாருக்கு, பின் சீட்டு இன்னாருக்கு என்று நீ வந்து சொன்னபோது, ஏதோ வேடிக்கை சொல்வதுபோல் சொன்னாய். நானும் சிரித்தேன்.

அப்புறம் அந்தக் கயிறு. ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்குப் போனபோது கடையில் பார்த்து, அழகாக இருக்கிறதே என்று நீயே வாங்கிக் கையில் கட்டிக்கொண்டாய். என்ன நிறம் என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் எவனாவது அது எங்கள் நிறம் என்று வந்து நிற்பான். கீழே உள்ள குழந்தைகூட அந்த நிறத்தைப் பார்த்து இவன் இன்ன ஆள் என்று சொல்லிவிடும். மலையில் வளர்ந்த நமக்குக் கயிறு என்றால் கயிறு, அவ்வளவுதான்.

அதைக் கட்டிய பிறகுதான் அதே கயிறு கட்டிய பயல்கள் உனக்கு பஸ்ஸில் இடம் போட்டு வைத்தார்கள். தோளில் கை போட்டார்கள். ஒருத்தன் தினமும் உன் டிபனைப் பிடுங்கித் தின்பான், அவன் டிபனை உனக்குத் தருவான். அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு அவனுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லி அதிகமாக வாங்கிப் போவாய். காலேஜ் நல்ல காலேஜ், பயல்களும் நல்ல பயல்கள் என்றாய்.

பிறகு யாரோ உன்னைப் பற்றி விசாரித்துச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊர் ஸ்டாப்பில் மூன்று பேர் ஏறினார்கள். புத்தகப் பையிலிருந்து அரிவாளை எடுத்தவன், நம் வீட்டுக் குழம்பைத் தின்றவன்தான்.

"எங்க கயித்தக் கட்டிக்கிட்டு எங்க கூடவே இருந்து திங்கியாலே?"

கயிறு கட்டிய கையைத்தான் முதலில் வெட்டினான். அப்புறம் கழுத்து. அடுத்தவனும் வெட்டினான், உன்னைத் தெரியாதவன் அவன், அவனுக்கு என்ன கோபம்? டிரைவர் வயல் ஓரமாக பஸ்ஸை நிறுத்தினார். வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள் அண்ணே. ஒருத்தர்கூட விடாமல் இறங்கினார்கள். ஜன்னல் வழியாகக் குதித்தவர்களும் உண்டு. நீ மட்டும் சீட்டுக்கு நடுவில் கிடந்தாய். பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

வழக்கு நடக்கிறது. அவன் ஜாமீனில் வந்துவிட்டான். அட்மிஷனுக்குப் போன அன்று அந்த ஸ்டாப்பில் அவனைப் பார்த்தேன். கூட்டாளிகளோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். கோர்ட்டில் பார்த்திருந்ததால் என்னை அடையாளம் கண்டுகொண்டு மீசையைத் தடவினான். எனக்கு என்ன வந்ததோ, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். எவர்சில்வர் பாட்டில், நிறைய தண்ணீர். நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

கண்டக்டர் அவசரமாக விசில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். "ஏ பிள்ள, நாளைக்கும் இதே பஸ்லதான வரணும். பைய இரு" என்றார். வருவேன் என்றேன்.

விஷயம் வீட்டுக்கு எனக்கு முன்னால் வந்துவிட்டது. அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அது பிய்ந்துபோகும்வரை அடித்தாள். "ஒண்ணத் தூக்கிக் குடுத்தது போதாதாட்டி? ஒன்னையும் சாக்குல கட்டித் தூக்கிட்டு வரணுமா நான்?" என்று கேட்டாள். கோயம்புத்தூருக்குப் போ, மில்லில் வேலை பார், உயிரோடு இரு என்றாள். அவள் சொல்வதில் தப்பு என்ன இருக்கிறது? ஆனால் நான் போய்விட்டால், அவன் தினமும் அங்கே நிம்மதியாக டீ குடிப்பான்.

அடித்து ஓய்ந்தபிறகு முதுகுக்கு எண்ணெய் தடவிவிட்டாள். போகாதே என்று மறுபடியும் சொல்லவில்லை.

நாளைக்குக் காலேஜ் திறக்கிறது. சாயங்காலம் பத்திரமாகத் திரும்பி வருவேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய முடியாது, அது என் கையில் இல்லை. நீயும்தானே அன்றைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய்? என்னால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த பஸ்ஸில் இனி எந்தப் பிள்ளை மேல் அரிவாள் ஓங்கினாலும், அது எவன் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், நான் இறங்க மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
மலர்