பதினெட்டாம் நாளில் பிடுங்கப்பட்ட இன்குபேட்டர்

அனுப்புநர்:
குஞ்சு பொரிப்பக உரிமையாளர்,
கதவு எண் 14அ, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
கடன் முறையீட்டு மன்றம்.

பொருள்: விதிமீறி எடுத்துச் செல்லப்பட்ட இன்குபேட்டரை மீட்டுத் தரவும், அக்டோபர் 9ஆம் தேதி ஏலத்தை நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முட்டை பொரிக்கும் இன்குபேட்டரை ஈடாக வைத்து ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினேன். கையெழுத்திடத் தயங்கியபோது அதன் அலுவலர், "கம்பெனி தாய் மாதிரி, அக்கா. கோழி மிதிச்சு குஞ்சு முடமாகுமா?" என்றார். என் தொழிலை வைத்தே சொன்னதால் நம்பிவிட்டேன். மூன்று தவணை தவறியது உண்மை. அதை மறைக்க இம்மனுவை எழுதவில்லை.

2. ஈட்டுப் பொருளை எடுக்குமுன் அறுபது நாள் அவகாசத்துடன் எழுத்தில் அறிவிப்பு தரவேண்டும் என்கிறது கடன் பத்திரத்தின் ஒன்பதாம் பிரிவு. அந்த அறிவிப்பை, பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் பக்கத்துச் சலூன் கதவில் ஒட்டியிருந்தார்கள். முடிவெட்டும் விலைப்பட்டியலுக்குக் கீழே அது இருந்ததை, இயந்திரம் போன மறுநாள்தான் கண்டேன். புகைப்படம் இணைத்துள்ளேன்.

3. செப்டம்பர் 9 காலை பத்து மணிக்கு நால்வர் வந்தனர். உள்ளே இருநூற்று நாற்பது முட்டைகள். அன்று பதினெட்டாம் நாள். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வெளிவரும். முட்டைகள் என்னுடையவையும் அல்ல, பதினோரு வீட்டார் பொரித்துத் தரச்சொல்லிக் கொடுத்தவை. மூன்று நாள் பொறுங்கள், நானே வண்டியில் ஏற்றி விடுகிறேன் என்று கெஞ்சினேன். அதே அலுவலர் பிளக்கைப் பிடுங்கினார். பொருட்பட்டியலில் வெளியாட்கள் இருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். இட்டவர்கள் அவர்களுடைய ஓட்டுநரும் சுமை தூக்குபவரும். பட்டியலில் முட்டை என்ற சொல்லே இல்லை.

4. மறுநாளே நிறுவனத்துக்குப் பதிவு அஞ்சலில் ஆட்சேபம் அனுப்பினேன். பதினைந்து நாளில் பதில் தரவேண்டும். இன்றுடன் இருபத்தைந்து நாள்.

5. இயந்திரம் போன அன்று மதியம் நிறுவனத்தின் கிடங்கு வாசலில் நின்று அழுதேன். என்னை உள்ளே விடும் அதிகாரம் காவலாளிக்கு இல்லை. ஆனால் தம் அறையிலிருந்து ஒயர் இழுத்து இயந்திரத்தை ஓடவிட்டார். மூன்றாம் நாள் தொலைபேசியில், "அக்கா, பெட்டி கத்துது" என்றார். அறுபத்து மூன்று குஞ்சுகள். மீதி நூற்று எழுபத்தேழும் ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டன. அவற்றைக் குழிதோண்டிப் புதைத்ததாக அவர் சொன்னார். இன்றுவரை கைக்காசில் தீனி போடுகிறார். என் மனுவால் அவர் வேலைக்கு உலை வைத்துவிடக் கூடாது என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

6. ஏல அறிவிப்பு முப்பது நாள் முன்பு வரவேண்டும். ஆறு நாள் முன்பு வந்தது. அதில் கண்டபடி: "இன்குபேட்டர் 1, உயிருள்ள உபபொருட்கள் 63."

எனவே ஏலத்தை நிறுத்தி, இயந்திரத்தைத் திருப்பித் தந்து, என் கதவிலேயே புதிய அறிவிப்பு ஒட்டி அறுபது நாள் தரவும், பதினோரு வீட்டாருக்கு இழப்பீடு வழங்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். அதற்குள் நான் கடனைக் கட்டாவிட்டால் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளட்டும். வாய் திறக்க மாட்டேன்.

குஞ்சுகளை மட்டும் உடனே ஒப்படைக்கச் சொல்லுங்கள். நான் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது அவை பிறக்கவே இல்லை. அவை யாருக்கும் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை, ஐயா.

நாள்: அக்டோபர் 5
இடம்: பொரிப்பகம்

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பொரிப்பக உரிமையாளர்