கணக்கில் வராத கை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையைத் தானாகப் போடுகிறாரா, தம்பி கத்தினால்தானா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதே. பூமியையும் தொழிலாளரையும் எப்படிக் காக்கிறோம் என்று ஒரு கம்பெனி போட்ட ஆண்டறிக்கையை என் கணக்கியல் மாணவர்களிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னேன். "ஆலையில் ஒருவருக்கும் காயமில்லை" என்று பச்சை இலைப் படத்தோடு இருந்தது. மதிப்பெண்ணை அள்ளிப் போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் கையைப் பற்றிச் சொன்னேன். மெஷினில் நசுங்கியும், கான்ட்ராக்ட் ஆள் என்பதால் எந்த அறிக்கையிலும் வராத கை. மறுபடி படித்தார்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், "ஒப்பந்தத் தொழிலாளர் நீங்கலாக."

"அடப்பாவிங்களா, ஆளையே கழிச்சிட்டாங்களே!" என்று ஒரு பெண் கத்தினாள்.

அந்தக் கம்பெனிதான் எங்கள் துறைக்குப் படியளக்கிறது. துறைத்தலைவர் என் வகுப்பைப் பறிக்கப் பார்த்தார். என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியைதான், "பசங்க இன்னைக்குத்தான் படிக்கவே கத்துக்கிட்டாங்க. அவளை நிறுத்தினா நானும் கிளம்புறேன்" என்றார். வகுப்பு தப்பியது. அவருக்கு வாழ்நாளெல்லாம் நன்றி சொல்லலாம்.

அப்பாவின் கைக்கு நடந்ததையே என் ஆய்வில் எழுதச் சொல்கிறார். அப்பா பெயரைப் போடமாட்டேன். ஆனாலும் என்னைப் படிக்கவைத்த கை அது. அப்பா சம்மதிக்க வேண்டும்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்காதே.

போன் செய்தால் அப்பா, "இரு, அம்மாட்ட தர்றேன்" என்று ஓடிவிடுகிறார். இந்த ஒரு பதிலை மட்டும் அவரே சொல்லட்டும். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

உன் மகள்