படத்தில் இல்லாத பாட்டு

மகள் கொண்டுவந்து போட்ட கோட்டில் முகப்பவுடர் வாசமும் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அலுமாரியின் வாசமும் கலந்து அடித்தன. லண்டனில், குட்மேய்ஸ் பகுதியில் அவளும் அவளோடு வேலை செய்பவர்கள் சிலரும் சேர்ந்து பழைய ஆங்கில இசை நாடகம் ஒன்றைப் போடுகிறார்கள். கோட்டின் விளிம்பு பிரிந்திருந்தது. யன்னலோரம் இருந்து தைக்கத் தொடங்கினேன்.

"கவனம் அம்மா. நாடகத்திலை தாய் பாடேக்கை இந்தக் கோட்டைத்தான் கையிலை வைச்சிருக்கவேணும்."

என்ன நாடகம் என்று கேட்டேன். பெயரைச் சொன்னாள். என் கை நின்றுவிட்டது.

"அதிலை தாய்க்குப் பாட்டொண்டும் இல்லையே. நான் படம் பாத்தனான்."

"படத்திலை இல்லை அம்மா. முதலிலை இது மேடையிலைதான் வந்தது. ஹொலிவூட்டிலை படமாக்கேக்கை நீளம் கூடிப்போச்செண்டு அந்தப் பாட்டை வெட்டிட்டாங்கள். ஏன், என்ன?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் போன பிறகு கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டைத் தன் பாட்டு என்று சொன்ன உன்னை நினைத்தேன்.

நீ உயிரோடு இருந்த காலம் முழுவதும் உன்னை 'நீர்' என்றுதான் அழைத்தேன். நீயும் என்னை அப்படித்தான். ஒரே அறையில் ஏழு மாதம் படுத்தெழும்பியும் அந்தச் சொல்லைத் தாண்டி நாங்கள் நெருங்கவில்லை. இப்போது 'நீ' என்று எழுதுகிறேன். மறுப்பதற்கு நீ இல்லை.

முப்பது வருடத்துக்கு முன், டூட்டிங்கில் அகதிகள் சிலர் சேர்ந்திருந்த வீட்டு மேலறைக்கு நீ வந்த நாளிலேயே உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் 'யேஸ்', 'நோ'வை வைத்துக்கொண்டு கடைகளில் தடுமாறியபோது, நீ பஸ் சாரதியோடு சிரித்துப் பேசினாய். உனக்குக் கடிதங்கள் வந்தன. அனுப்பியவர் பெயர் எதிலும் இல்லை. அவற்றை என் முன்னால் நீ ஒருநாளும் திறந்ததில்லை. இந்த ஆங்கிலம் எங்கே படித்தது என்று கேட்டேன்.

"கொன்வென்ற்றிலை. ஒரு வெள்ளைக்கார மதர் ஊருக்குத் திரும்பிப் போகேக்கை நாடகப் புத்தகம் ஒண்டை விட்டிட்டுப் போனவ. அதைப் போட்டனாங்கள். நான்தான் தாய். மகள் வீட்டை விட்டுப் போன பிறகு, அவளின்ரை கோட்டைப் பிடிச்சுக்கொண்டு பாடவேணும்."

துணி மடிக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டை முணுமுணுப்பாய். நல்ல குரல். எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்துக் கொன்வென்ற்றில் ஆங்கில இசை நாடகமா? என் சித்தி மகள் அங்கேதான் படித்தாள். அவள் அப்படி ஒன்றைச் சொன்னதே இல்லை.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. அதை உனக்கு நான் சொல்லவே இல்லை. ஊரில் ஒருநாள் காலை ஆமிக்காரர் எல்லோரையும் வெளியே வரச் சொல்லி வரிசையில் நிறுத்தினார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்க எங்கள் ஆட்களிலேயே ஒருவன், முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு ஜீப்பில் இருந்தான். என் அண்ணை அவனுக்கு முன்னால் நடந்து போனபோது அந்தச் சாக்கு மேலும் கீழும் ஆடியது. அவ்வளவுதான். அண்ணை திரும்பி வரவில்லை. சாக்குக்குள் இருந்தது ஆண் என்றுதான் எழுதுகிறேன், அதுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அன்றிலிருந்து, எங்கள் மொழி பேசும் எந்தப் புதிய முகத்தைக் கண்டாலும் அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டுப் பார்ப்பேன். உன் முகத்திலும் போட்டுப் பார்த்தேன்.

உன் அகதி விண்ணப்பத்தை விசாரித்தவர்கள் நீ யாழ்ப்பாணத்தவள் என்பதையே நம்பவில்லை. பள்ளிக்கூடப் பதிவுகள் எரிந்துபோயிருந்தன. ஊரை அறிந்த ஒருவர் உன்னோடு பேசிப் பார்த்து, இவர் அந்தப் பக்கத்தவர்தான் என்று எழுதித் தந்தால் உதவும் என்று உன் வக்கீல் சொன்னார். வெள்ளிக்கிழமை நீ என்னைக் கேட்டாய். ஓம் என்றேன். திங்கட்கிழமை வக்கீலிடம் போவதாக இருந்தது.

இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழே தொலைக்காட்சியில் அந்தப் படம் தொடங்கியது. பெயரைக் கண்டதும் நீ சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினாய். "இதுதான்! இதுதான் நாங்கள் போட்டது! நான் படத்தை ஒருநாளும் பாத்ததில்லை." என்னைக் கையைப் பிடித்து இழுத்து இருத்தினாய். வெதுப்பகத்துக்கு மேலே குடியிருக்கும் குடும்பம், இரண்டு பெண்பிள்ளைகள், ரயிலேறிப் போகும் இளையவள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி முந்திக்கொண்டு நீயே பாடினாய். மகள் படியிறங்கிப் போனதும் என் முழங்காலில் தட்டினாய்.

"இப்ப வரும். என்ரை பாட்டு."

தாய் கதவைச் சாத்தினாள். அடுத்த காட்சியில் சந்தையும் கூட்டமும் வந்தன.

நீ எழும்பி நின்று திரையைப் பார்த்தாய். படம் முடியும்வரை நின்றுகொண்டே பார்த்தாய்.

"எங்கை உம்மடை பாட்டு?" என்று கேட்டேன்.

"இருந்தது. நாங்கள் பாடினனாங்கள்," என்றாய்.

அறைக்குப் போனதும், வக்கீலுக்குக் கடிதம் தர ஏலாது என்றேன். "பொய்க்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"ஒரு பாட்டு இல்லையெண்டதுக்கோ?"

"ஒண்டிலை பொய் சொன்ன ஆள் எல்லாத்திலையும் சொல்லும்."

நீ சண்டை பிடிப்பாய் என்று எதிர்பார்த்தேன். கட்டிலில் இருந்து என்னையே பார்த்தாய். "சரி. நீர் பயப்பிடுறீர். எனக்கு விளங்குது," என்றாய். அந்த வார முடிவில் உன் கிறிஸ்தவக் கோயில்காரர் ஒருவர் வான் கொண்டுவந்து உன்னைக் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊருக்கு ஏற்றிக்கொண்டு போனார். உன் விண்ணப்பம் மறுக்கப்பட்டது என்று பிறகு யாரோ சொன்னார்கள். கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் நினைத்தது சரிதான் என்ற நிம்மதி. இதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

போன வருடம் உன் மரண அறிவித்தலைக் கடையொன்றின் கண்ணாடியில் கண்டேன். ஏன் போனேன் என்று தெரியாது. பார்க்கிங்கில், கோயில் மண்டபத்தில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். உன் மகள் என்றாள். உனக்கு மகள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த இடத்திலும் என் மனம், உண்மையாகவே மகள்தானா என்று அவள் மூக்கையும் நாடியையும் அளந்து பார்த்தது. உன் நாடிதான்.

என் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "அம்மா உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறா. அந்த வீட்டிலை நீங்கள் ஒவ்வொரு நாளும் எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஒழுங்கை எண்டு கேட்டபடியாம். உங்களை ஆரோ அனுப்பி விட்டிருக்கினம் எண்டு பயந்தவவாம். அதாலைதான் நான் இருக்கிறதைச் சொல்லேல்லையாம்."

அப்படியென்றால் நீயும் என் முகத்தில் ஒரு சாக்கைப் போட்டுத்தான் பார்த்திருக்கிறாய். ஒரே அறை, இரண்டு கட்டில், இடையில் ஒரு ஹீற்றர்.

அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது, கொழும்பில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் விட்டுவிட்டு வந்தாயாம். கடிதங்கள் அங்கிருந்துதான் வந்தன. மேன்முறையீடு செய்து, கடைசியில் உனக்கு வதிவிட உரிமை கிடைத்து அவளைக் கூப்பிட்டபோது அவளுக்குப் பதினைந்து. அன்று அதைக் கேட்டும், கடிதம் தர மறுத்ததைச் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். உன் கடிதங்களைப் பற்றி நான் தப்பாக நினைத்திருக்கலாம், ஆனால் பாட்டு விஷயத்தில் நீ பொய்தான் சொன்னாய் என்று எனக்குள் ஒரு பிடி மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

கோட்டைத் தைத்து முடித்த அன்று அந்தப் பிடியும் விட்டுப்போனது. வக்கீல் கேட்ட கடிதத்தில் அந்தப் பாட்டுக்கு இடமே இல்லை. நீ எங்கள் பக்கத்தவளா என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. மழைக்கு எந்த ஒழுங்கையில் முதலில் வெள்ளம் நிற்கும், பஸ் எந்த வளைவில் ஹோர்ன் அடிக்கும் என்றெல்லாம் நீ சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை நான் எழுதித் தரவில்லை.

உன் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். கடிதம் தர மறுத்தது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் அன்ரி," என்றாள்.

பாட்டைப் பற்றிச் சொன்னேன். நாடகத்துக்கு வரும்படி கேட்டேன்.

"நான் வரேல்லை. வருசக்கணக்கா அந்தப் பாட்டை ஃபோனிலை கேட்டனான். ஞாயிற்றுக்கிழமையிலை அம்மா விடுதிக்கு எடுத்துப் பாடுவா. அதை இன்னொரு ஆள் பாடி எனக்குக் கேக்க ஏலாது." பிறகு, "நீங்கள் போங்கோ," என்றாள்.

அவள் கோபப்படவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. நானும் மன்னிப்பை வாய்விட்டுக் கேட்கவில்லை. அது அவள் தரக்கூடியதல்ல.

போனேன். கடைசி வரிசையில் தனியாக இருந்து முழுவதையும் கேட்டேன்.

என் சந்தேகம் திருந்திவிட்டது என்று உனக்குச் சொன்னால் அது பொய். மருந்துக்கடைப் பிள்ளை அதிகம் சிரித்தாலும் ஏன் என்றுதான் இன்னும் யோசிக்கிறேன். போன கிழமை பக்கத்து வீட்டுக்கு எங்கள் ஆட்களில் ஒரு பெண் குடிவந்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்ற கேள்விகள் வழக்கம்போல வாய்வரைக்கும் வந்தன. அவள் பெட்டியின் பிடியை இறுக்கிப் பிடித்ததைக் கண்டேன்.

அவளைக் கேட்காமல், என் ஊரை முதலில் சொன்னேன். பிறகு என் அண்ணையின் பெயரைச் சொன்னேன்.