நாலு எம்.பி.க்கு ஒரே வரவேற்புரை

ஒக்டோபர் 12, ஞாயிறு

பதுளை எம்.பி.மார் நாலு பேர் ஒவ்வொருவராக எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோதும் வரவேற்புரை வாசித்தவன் நான்தான். உரை ஒன்றே, பெயர் மட்டும் மாறும். மேளம், மாலை, பொங்கல் என்று என்ன அழகான நாட்கள்! "மலையகத்தின் விடிவெள்ளியே" என்றதும் கைதட்டல் அடங்காது.

இன்று வந்த புது எம்.பி. பக்கத்துத் தோட்டத்துப் பெண்பிள்ளை. உரையைக் கேட்டுச் சிரித்தது. "சின்ன வயசுல நான் எம்.பி.க்கு மாலை போட்டப்பவும் இதையேதானே வாசிச்சீங்க மாமா? சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

"ரோடும்மா. மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். மேல எங்க லயத்து வீடுகளுக்கு வண்டி ஏறாது."

"முந்தி வந்தவங்க பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

அவர்கள் எங்கே பார்த்தார்கள்? வெள்ளை வேட்டியில் சேறு படுமே என்று கோயிலடியோடு நிறுத்தி அனுப்பிவைத்தவனே நான்தான். பிள்ளையை அந்தச் சேற்றிலேயே மேலே கூட்டிப்போனேன்.