குசினிக்கு ஒரு வாக்கியம்

ஜூலை 18, வியாழன்

தூக்கம் வரவில்லை. என் நோட்டு டீச்சரிடம் இருக்கிறது.

வீட்டில் புழங்கும் ஒரு சமையல் சொல்லை எடுத்து, அதன் பொருளும் அது வந்த வழியும் எழுதி, வீட்டில் நடந்ததை வைத்தே ஒரு வாக்கியம் அமைக்கச் சொல்லியிருந்தார் தமிழ் டீச்சர். நான் 'குசினி' என்று எழுதினேன். சமையலறை. போர்த்துக்கீசியரிடமிருந்து நம் கடற்கரைக்கு வந்த சொல். அதுவரை சரிதான். வாக்கியம்தான் தப்பு: 'ஞாயிற்றுக்கிழமை அப்பா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கடல் அட்டை அவித்தார்.'

கடல் அட்டையைப் பிடிக்க அரசாங்கத் தடை, பிடித்தால் ஜெயில் என்று எனக்குத் தெரியும். எழுதும்போது குசினி என்ற சொல் மட்டும்தான் மனதில் இருந்தது. நாளை எல்லாருடைய வாக்கியத்தையும் டீச்சர் சத்தமாக வாசிப்பார். என் பக்கத்தில் உட்காரும் ஜெனிபாவின் அப்பா வனத்துறையில் காவலர்; அட்டை வைத்திருப்பவர்களைப் பிடிப்பது அவர்கள்தான்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "ஏளா, குசினிய பத்தி என்ன எழுதுன?"

"அம்மா குசினியில சோறு வடிச்சாவன்னு எழுதுனேன்."

"அவ மட்டுந்தானா? கடலுக்குப் போயிட்டு வந்து நானும் அங்கனதான கெடந்து வேகுதேன். என்னையும் ஒரு வரி சேத்திருக்கலாம்லா."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது அவர் குறட்டை விடுகிறார். குசினியில் அட்டை அவித்த வாடை இன்னும் போகவில்லை. காலையில் எல்லாருக்கும் முன்னால் போய் டீச்சரிடம் நோட்டைக் கேட்க வேண்டும். வாக்கியத்தை மாற்ற வேண்டும் என்றால், ஏன் என்று கேட்பார். அதற்குச் சொல்ல ஒரு வாக்கியம் இன்னும் அமையவில்லை.