வேன் டிரைவருக்கு யார் சாட்சி

6.11.2019, புதன்

நான் நடத்தும் பள்ளியின் வேனுக்குப் புது டிரைவர் வந்து ஒரு வாரம் ஆகிறது. இத்தனை வருஷம் திருப்பூரில் இருந்தாராம். போலீஸ் சரிபார்ப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு, அதுவரை ஓட்டட்டும் என்று விட்டேன்.

இன்று அதற்காக ஏட்டு வந்தார். காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன். "குழந்தைங்ககிட்ட தப்பா நடந்து தண்டனை வாங்கினவங்க பேரெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்காமே?"

"இருக்கு மேடம். போலீஸ் மட்டும்தான் பார்க்கலாம்."

"இவர் பேரைப் பார்த்தீங்களா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "விசாரிக்காமயா வேலைக்கு வச்சிருப்பீங்க? நல்ல ஆளுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா எழுதிடறேன்."

அமெரிக்காவில் தங்கை தன் தெருவில் அப்படித் தண்டனை வாங்கினவர்கள் யார் இருக்கிறார்கள் என்று போனிலேயே பார்க்கிறாள். இங்கே போலீஸ் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்லட்டும் என்று அவர் வந்திருக்கிறார்.

"கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு எழுதுங்க" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

சாயந்திரம் வேனில் நானும் ஏறிக்கொண்டேன். திருவையாறு ரோட்டில் எல்லாரும் இறங்கிய பிறகு ஒரு யுகேஜி குழந்தை மட்டும் மிச்சம். அவள் வீடு வாய்க்கால் தாண்டி, வயலுக்கு நடுவில்.

நேற்று வரை அந்தக் கடைசி தூரம் அவளும் அவரும் மட்டும்தான் போயிருக்கிறார்கள்.