முறைத் தண்ணீரும் அவர் லீவும்

ஜூலை 3, வெள்ளி

காலையிலிருந்து சாரல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

தென்காசி குடிநீர்க் குழாய் மாடல், முழு ரன். காபிக்கு முன் போட்டது, விளக்கு வைக்கும் நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டி, வால்வு, பைப், வீட்டுக் குழாய் என்று ஊரையே கம்ப்யூட்டருக்குள் வைத்தாயிற்று. எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று அது போடும் கணக்கு மாட்டுவண்டி மாதிரி நகர்கிறது. ஒரு வால்வை மாற்றிப் பார்க்க ஒரு பகல். மாற்றிப் பார்க்க வேண்டியது ஏகப்பட்டது.

மத்தியானம் அவர் போன். லீவு சாங்ஷன்! பன்னிரண்டாம் தேதி காலை ரயில்.

‘ஏட்டி, இந்தத் தடவையாவது அருவில தண்ணி கெடக்கா?’

‘கெடக்கு, வாங்க.’

போன லீவில் சீசன் முடிந்து வெறும் பாறை. வடக்கே பனிக்குள் காவல் நிற்கிற பட்டாளத்துக்காரருக்கு ஐந்தருவி நினைப்பு. எனக்கு அவர் நினைப்பு.

பதினொன்றாம் தேதிக்குள் மாடல் சென்னை ஆபீஸுக்குப் போக வேண்டும். இந்த வேகத்தில் அவர் லீவு பூராவும் நான் லேப்டாப் முன்னால்தான். விடுவேனா?

ஜூலை 5, ஞாயிறு

இன்று செய்தவை:

– நிமிடத்துக்கு ஒரு கணக்கு என்றிருந்ததைக் கால் மணிக்கு ஒன்றாக மாற்றியது.

– முட்டுச்சந்துகளை எல்லாம் நீக்கி, அங்கே செலவாகும் தண்ணீரைத் தெருமுக்குக் குழாயின் தலையில் கட்டியது.

– அத்தைக்குக் கை வலி. சட்னி நான்.

ரன் ஒரு மணி நேரத்துக்குள்! எல்லா இடத்துக்கும் பிரஷர் உண்டு என்கிறது. ஆடாத குறை. எங்கள் தெருவும் முட்டுச்சந்துதான், அதுவும் மாடலில் இல்லை. சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

‘நம்ம தெருவையே அழிச்சிட்டியா? அப்ப நான் எங்கன வந்து எறங்கட்டும்?’

சிரித்தார். பாதிச் சிரிப்பில் சிக்னல் போய்விட்டது. லைன் போன பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஜூலை 7, செவ்வாய்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. நாலு நாளைக்கு ஒரு தடவை வால்வைத் திறப்பார்கள், மற்ற நாள் மூடித்தான் கிடக்கும். காலையில் எதிர்வீட்டு அண்ணாச்சி குரல்: ‘தண்ணி வந்துட்டு!’ அவ்வளவுதான். தெரு பூரா குடம், டிரம், வாளி, மோட்டார். கடைசி வீடான எங்களுக்கு நூல் மாதிரி.

அத்தை: ‘அம்புட்டுப் பேரும் ஒண்ணுபோல பிடிச்சா நமக்கு எங்கன வரும்?’

குடத்தோடு நிற்கும்போதே உறைத்தது. முட்டுச்சந்துத் தண்ணீரை நான் நாள் முழுக்கச் சீராகப் பரப்பி வைத்திருக்கிறேன். இங்கே யார் சீராகப் பிடிக்கிறார்கள்? முறை வந்தால் ஒரே நேரத்தில் எல்லாரும். இந்த ஊரில் பிறந்து, இதே குடத்தைத் தூக்கி வளர்ந்த எனக்கே தோன்றவில்லை பார். மடச்சி. வேகமாக ஓடியதெல்லாம் பொய்க்கணக்கு.

எல்லாவற்றையும் பழையபடி உள்ளே போட்டேன். ரன் மறுபடியும் பகல் முழுக்க. அழுகை வந்தது, அழுதேன்.

ஜூலை 8, புதன்

குளிக்கும்போது தோன்றியது. எந்நேரமும் ஊரில் முக்கால்வாசித் தெரு மூடித்தானே கிடக்கிறது? மூடிய தெருவில் தண்ணீர் ஓடாது. ஓடாத தண்ணீருக்கு எதற்குக் கணக்கு? அந்த நேரத்தில் வால்வு திறந்த தெருக்கள் மட்டும் உள்ளே. அதில் ஒரு குழாயைக்கூட விடக் கூடாது. முறை மாறும்போது தெருக்களை மாற்றிக்கொண்டால் போதும்.

ஈரத் தலையோடு உட்கார்ந்து மாலைக்குள் எழுதிவிட்டேன். ரன் போட்டுவிட்டு டீ போடப் போனேன். டீ கொதிப்பதற்குள் முடிந்திருந்தது!! நேற்றைய முழு ரன்னோடு ஒப்பிட்டேன். அச்சு அசல். எங்கள் வீட்டுக் குழாயில் நூல் மாதிரி வருவதுவரை சரி.

ஜூலை 9, வியாழன்

மாடல் அனுப்பியாயிற்று. மேனேஜர் போன்: ‘பிரமாதம்மா! இவ்வளவு சீக்கிரம் முடியும்னா அடுத்த ஊரையும் இந்த வாரமே அனுப்பிடட்டுமா?’

‘இந்த மாசம் முடியிற வரைக்கும் லீவு சார்.’ எனக்கே என் குரல் புதுசாக இருந்தது.

வாங்கியது: நல்லெண்ணெய், ஈரிழைத் துண்டு இரண்டு, அவருக்குக் கைலி. தலையணை உறை மாற்றினேன். கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். அத்தை கூப்பிட்டதும் எழுந்துவிட்டேன்.

ஜூலை 10, வெள்ளி

வெயில். சாரல் இல்லை, காற்று மட்டும்.

அவர் போன். முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது.

‘ஏட்டி, லீவு கேன்சலாயிட்டு.’

‘எதுக்கு?’

‘யூனிட் நகருது. வேற ஒண்ணும் சொல்லக்கூடாதுல்லா.’

‘எப்ப வருவீய?’

‘தெரிஞ்சா சொல்ல மாட்டனா?’

சண்டை நாக்குவரை வந்தது. போடவில்லை. ‘சாப்ட்டீயளா?’ என்று கேட்டேன். அடுப்படியிலிருந்து அத்தை ‘என்னவாம்?’ என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மகனாச்சே, அவளுக்கும்தானே.

பகல் முழுக்க ஓடியதை டீ கொதிக்கிற நேரத்துக்குச் சுருக்கியவள் நான். இதில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் வேண்டும் எனக்கு. இங்கே, இந்த வீட்டில்.

ஜூலை 12, ஞாயிறு

ரயில் வரும் நேரத்தில் விழிப்பு. மறுபடி தூங்கவில்லை.

அத்தைதான் துரத்தினாள்: ‘மொகத்தைத் தூக்கி வச்சிட்டு வீட்டுக்குள்ள இருக்காத. போயி குளிச்சிட்டு வா.’ பஸ் பிடித்து ஐந்தருவி. சரியான கூட்டம். பெண்கள் பக்கம் வரிசையில் நின்று தலையைக் கொடுத்தேன். தண்ணீர் விழுந்த வேகத்தில் எதையும் நினைக்க முடியவில்லை. நன்றாக இருந்தது.

வெளியே வந்தால், ஆண்கள் பக்கம் போன புருஷன்மார் குளித்து வருவதற்காகப் பெண்கள் ஈரத்தலையோடு காத்து நிற்கிறார்கள். நானும் போய் அவர்களோடு நின்றுகொண்டேன். ஒவ்வொருத்தருடைய ஆளாக வந்து கூட்டிப் போனார்கள். பக்கத்தில் பிள்ளையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: ‘ஒங்க வீட்டுக்காரவுக இன்னும் வரலையாக்கா?’

‘இப்ப வந்துருவாவ’ என்றேன்.